கிராபிக்ஸ் கார்டை இப்போ மாத்தலாமா, பொறுக்கலாமா? விலை, வரி, ஏஐ போட்டி சொல்லும் கணக்கு

கேமிங் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஜனவரி மாதம் என்றாலே ஒரு எதிர்பார்ப்பு. அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் சிஇஎஸ் கண்காட்சி நடக்கும், புது கிராபிக்ஸ் கார்டு அறிவிப்பு வரும், பழைய மாடல் விலை இறங்கும், அப்போ வாங்கிக்கலாம் என்று காத்திருப்பார்கள். 2026 ஜனவரியில் அந்தக் கணக்கு பொய்த்துவிட்டது. என்விடியா அங்கே புதிய கேமிங் கார்டு எதையும் அறிவிக்கவில்லை. கம்ப்யூட்டர் ரேம் விலையோ அதற்கு முந்தைய சில மாதங்களிலேயே இருமடங்கைத் தாண்டியிருந்தது.

"கொஞ்சம் பொறுத்தால் விலை குறையும்" என்பதுதான் கம்ப்யூட்டர் வாங்குவதில் இத்தனை வருஷமாக நமக்குச் சொல்லித் தரப்பட்ட பாடம். அது இன்னும் செல்லுபடியாகுமா? 30 ஆயிரம், 60 ஆயிரம் என்று ஒரே ஒரு பாகத்துக்குச் செலவு செய்வதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

ஒரு கார்டு, எத்தனை நாள் சம்பளம்?

முதலில் விலை எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5070 கார்டுக்கு 2025 தொடக்கத்தில் அமெரிக்காவில் அறிவித்த விலை 549 டாலர். இந்தியாவில் 59,000 ரூபாய். இரண்டுக்கும் இடையே இருப்பது என்ன?

அப்போதைய மதிப்பில் ஒரு டாலர் சுமார் 86.50 ரூபாய். 549 டாலர் என்றால் ஏறத்தாழ 47,500 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி போட்டால் 56,000. மீதமுள்ள 3,000 ரூபாய்தான் இறக்குமதி செய்பவர், விநியோகஸ்தர், கடைக்காரர் எல்லோருக்குமானது. அதாவது, "இந்தியாவில் கொள்ளையடிக்கிறார்கள்" என்று நாம் அடிக்கடி கேட்கும் புகாரில், இந்த அறிவிப்பு விலையைப் பொறுத்தவரை பாதி உண்மைகூட இல்லை. அமெரிக்க விலை வரி சேர்க்காதது, நம் விலை வரி சேர்த்தது. வித்தியாசத்தில் பெரும்பகுதி அதுதான். (கடையில் சொல்லும் விலை இந்த அறிவிப்பு விலையைவிட ஏறி நிற்பது வேறு கதை.)

2025 டிசம்பரில் ரூபாய் மதிப்பு டாலருக்கு 90-ஐத் தாண்டியது. அதே 549 டாலர் கார்டை 90 ரூபாய்க்குக் கணக்குப் போட்டால், வரியோடு 58,300. கார்டில் ஒரு ஸ்க்ரூகூட மாறாமல் 2,300 ரூபாய் கூடிவிட்டது.

2025 செப்டம்பர் 22 முதல் அமலுக்கு வந்த ஜிஎஸ்டி குறைப்பு இதில் உதவவில்லையா என்று கேட்கலாம். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவி, மானிட்டர்களுக்கு வரி 28-லிருந்து 18 சதவீதமானது. கிராபிக்ஸ் கார்டு ஏற்கனவே 18-ல்தான் இருந்தது. அதனால் அதற்கு ஒன்றும் மாறவில்லை.

இந்த விலையின் உண்மையான எடை வருமானத்தோடு வைத்துப் பார்த்தால்தான் தெரியும். மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, 2023-24-ல் இந்தியாவில் நிரந்தரச் சம்பள வேலையில் இருப்பவரின் சராசரி மாத வருமானம் சுமார் 21,000 ரூபாய். ஒரு 5070 கார்டு கிட்டத்தட்ட மூன்று மாதச் சம்பளம். அமெரிக்காவில் முழுநேரத் தொழிலாளர் ஒருவரின் வாரச் சம்பளம் 2025 தொடக்கத்தில் 1,190 டாலர் அளவில் இருந்தது. அவருக்கு அதே கார்டு பாதி வாரச் சம்பளத்துக்கும் குறைவு. ஒன்று சராசரி, இன்னொன்று நடுநிலை மதிப்பு. கறாராகப் பார்த்தால் இரண்டையும் அப்படியே ஒப்பிடக் கூடாது. ஆனால் இடைவெளி இவ்வளவு பெரிதாக இருக்கும்போது அந்த நுணுக்கம் முடிவை மாற்றிவிடாது. அமெரிக்க யூடியூபர் "வேல்யூ ஃபார் மணி" என்று சொல்வதை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாததற்குக் காரணம் இதுதான்.

கேமர்கள் எப்படிப் பின்வரிசைக்குப் போனார்கள்?

இரண்டு வருடங்களின் கணக்கை மட்டும் எடுத்துப் பார்த்தால் போதும். 2022 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் என்விடியாவின் மொத்த வருவாய் 2,691 கோடி டாலர். அதில் கேமிங் 1,246 கோடி. கிட்டத்தட்ட பாதி. அந்த நிறுவனத்துக்கு அப்போது கேமர்தான் முதல் வாடிக்கையாளர்.

மூன்றே ஆண்டுகள். 2025 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் மொத்த வருவாய் 13,050 கோடி டாலராக ஏறியது. கேமிங் 1,135 கோடி. டேட்டா சென்டர் பிரிவு மட்டும் 11,520 கோடி. கேமிங் பங்கு 46 சதவீதத்திலிருந்து 9 சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. கேமிங் வியாபாரம் படுத்துவிடவில்லை, கொஞ்சம்தான் குறைந்தது. பக்கத்தில் ஒரு மலை முளைத்துவிட்டது, அவ்வளவுதான்.

இது ஏன் உங்கள் பாக்கெட்டைத் தொடுகிறது? கிராபிக்ஸ் கார்டில் சிப் மட்டுமல்ல, மெமரியும் இருக்கிறது. உலகின் டிரேம் மெமரியில் 90 சதவீதத்துக்கு மேல் தயாரிப்பவை மூன்றே நிறுவனங்கள்: தென்கொரியாவின் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், அமெரிக்காவின் மைக்ரான். ஏஐ சர்வர்களுக்குத் தேவையான எச்பிஎம் என்ற மெமரியும், நம் கம்ப்யூட்டர் ரேமும், கிராபிக்ஸ் கார்டு மெமரியும் இதே மூன்று பேரிடமிருந்துதான் வருகின்றன. ஒரு ஜிபி எச்பிஎம் செய்ய, சாதாரண ரேமைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு சிலிக்கான் தகடு தேவை. லாபம் எந்தப் பக்கம் அதிகமோ, ஃபேக்டரி அந்தப் பக்கம் திரும்புகிறது.

2025 டிசம்பர் 3-ம் தேதி மைக்ரான் வெளியிட்ட அறிவிப்பு இதை வெளிச்சம் போட்டுக் காட்டியது. கடைகளில் நாம் பார்த்துப் பழகிய குரூஷியல் என்ற நுகர்வோர் பிராண்டை மூடிவிட்டு, 2026 பிப்ரவரியோடு அந்த விநியோகத்தை நிறுத்துவதாகச் சொன்னது. ரேம் என்றாலே குரூஷியல் என்று கேட்டு வாங்கியவர்கள் நம் ஊரில் எவ்வளவோ பேர்.

அதனால் "பொறுத்தால் குறையும்" என்பது இப்போது நம்பக்கூடிய விதி இல்லை. விலை குறைவதற்கு வேண்டிய மெமரி உற்பத்தி வேறு வாடிக்கையாளருக்குப் போய்க்கொண்டிருக்கிறது. குறிப்பாக 16 ஜிபி மெமரி உள்ள கார்டுகள்தான் இந்த நெருக்கடியில் முதலில் அடிபடக்கூடியவை.

8 ஜிபி-யில் நின்றுபோன பத்தாண்டு

ஒரு வினோதமான ஒப்பீடு. 2016-ல் வந்த ஜிடிஎக்ஸ் 1070 கார்டின் விலை 379 டாலர், மெமரி 8 ஜிபி. 2025 ஏப்ரலில் வந்த ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ கார்டின் அடிப்படை மாடல் விலை 379 டாலர், மெமரி 8 ஜிபி. ஒன்பது வருஷம் கழித்து அதே விலைக்கு அதே அளவு மெமரி. டாலரில் விலை அதேதான். ரூபாயில், வரி சேர்க்காமலே, 25,400-லிருந்து 32,400 ஆகிவிட்டது.

புதிய மெமரியின் வேகம் பல மடங்கு அதிகம் என்பது உண்மைதான். ஆனால் வேகம் வேறு, இடம் வேறு. கேமின் டெக்ஸ்சர்கள், ரே டிரேசிங் தரவு எல்லாம் கார்டின் மெமரிக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் மிச்சத்தை கம்ப்யூட்டரின் ரேமிலிருந்து இழுத்து இழுத்துக் கொண்டுவர வேண்டியிருக்கும். அப்போது சராசரி ஃபிரேம் எண்ணிக்கை நன்றாகவே தெரியலாம், விளையாடும்போது மட்டும் படம் திக்கித் திக்கி நகரும்.

இதனால்தான் ஆர்டிஎக்ஸ் 3060-ன் 12 ஜிபி மாடல் வைத்திருப்பவர்கள் 5060-க்கு மாறுவதை ஒருமுறைக்கு இருமுறை யோசிக்கச் சொல்கிறேன். வேகம் கூடும், மெமரி 12-லிருந்து 8-ஆகக் குறையும். காசு கொடுத்து ஒன்றை வாங்கி இன்னொன்றை இழப்பது. புதிதாக வாங்குபவர் மூன்று நான்கு வருஷம் ஓட்ட நினைத்தால், என் பார்வையில் குறைந்தபட்சம் 12, முடிந்தால் 16 ஜிபி. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி மாடல் 349 டாலருக்கும், இன்டெல்லின் ஆர்க் பி580 12 ஜிபி மெமரியோடு 249 டாலருக்கும் அறிமுகமானவை. இந்த விலைப் பிரிவில் என்விடியா மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கடைக்குப் போக வேண்டாம்.

வாங்கும்போது பெயரில் ஏமாறாதீர்கள். 5060 டிஐ, 9060 எக்ஸ்டி இரண்டுமே 8 ஜிபி, 16 ஜிபி என இரண்டு வடிவங்களில் ஒரே பெயரில் விற்கின்றன. பெட்டியின் ஓரத்தில் சின்னதாக இருக்கும் அந்த எண்தான் முக்கியம்.

உங்களிடம் இப்போது இருப்பது எது?

ஜிடிஎக்ஸ் 900, 10 வரிசை கார்டுகள் (970, 1050 டிஐ, 1060 போன்றவை) வைத்திருப்பவர்களுக்குக் கதவு மூடத் தொடங்கிவிட்டது. இவற்றுக்குப் புதிய கேம்களுக்கான டிரைவர் அப்டேட்டை 2025 அக்டோபரோடு என்விடியா நிறுத்திக்கொண்டது. 2028 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் வரும். அதே 2025 அக்டோபர் 14-ல்தான் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் முடிந்தது. கார்டு நாளைக்கே நின்றுவிடாது. ஏற்கனவே விளையாடும் கேம்கள் ஓடும்.

ஆனால் இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள், டூம்: தி டார்க் ஏஜஸ் போன்ற கேம்கள் ரே டிரேசிங் வன்பொருள் இல்லாவிட்டால் ஓடாது. செட்டிங்ஸைக் குறைத்து ஒப்பேற்றலாம் என்ற பழைய வழி இங்கே இல்லை. இரண்டுமே குறைந்தபட்சமாகக் கேட்பது ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர் அளவுள்ள, 8 ஜிபி மெமரி கொண்ட கார்டு. ஜிடிஎக்ஸ் 1650, 1660 சூப்பர் கார்டுகளுக்கு டிரைவர் இன்னும் வருகிறது, ஆனால் இந்தச் சுவரில் அவையும் முட்டும்.

நீங்கள் விளையாடுவது வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 மட்டும்தானா? அப்படியானால் 1650-கூட 1080பி திரையில் சமாளிக்கும். மாற்ற வேண்டிய அவசரம் எதுவும் இல்லை.

ஆர்டிஎக்ஸ் 20, 30, 40 வரிசை வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. 2025 ஜனவரியில் வந்த டிஎல்எஸ்எஸ் 4-ன் மேம்பட்ட அப்ஸ்கேலிங் எல்லா ஆர்டிஎக்ஸ் கார்டுகளுக்கும் கிடைக்கிறது. குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து, அதைத் தெளிவாகப் பெரிதாக்கிக் காட்டும் வசதி அது. 2019-ல் வாங்கிய 2060-க்கும் உண்டு. செலவில்லாத அப்கிரேட் என்றால் இதுதான். அதை முதலில் போட்டுப் பாருங்கள், பிறகு கடைக்குப் போகலாம். 4060-லிருந்து 5060-க்கு மாறினால் கிடைக்கும் வேகம் ஏறக்குறைய 20 முதல் 25 சதவீதம். நிமிடத்துக்கு ஒருமுறை ஃபிரேம் எண்ணிக்கையைப் பார்ப்பவருக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரிவது கஷ்டம்.

ஜிடிஏ 6-க்காகவே இப்போது கார்டு வாங்க நினைப்பவர்களும் உண்டு. ராக்ஸ்டார் நிறுவனம் 2026 நவம்பர் 19 என்று தேதி சொன்னது பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் இரண்டுக்கும்தான். கம்ப்யூட்டருக்கான தேதி அந்த அறிவிப்பில் இல்லை. இல்லாத கேமுக்கு இன்றே கார்டு வாங்குவது, அரிசி வருமுன் அடுப்பை மூட்டுகிற வேலை.

கார்டை மட்டும் மாற்றினால் போதுமா?

பலர் இங்கேதான் பணத்தை விடுகிறார்கள். 2020 வாக்கில் இந்தியாவில் நிறைய பேர் போட்ட ஒரு கூட்டணியை எடுத்துக்கொள்வோம்: ரைசன் 5 3600 ப்ராசஸர், பி450 மதர்போர்டு, ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர், 450 வாட் எஸ்எம்பிஎஸ், 60 ஹெர்ட்ஸ் மானிட்டர். இதில் ஆர்டிஎக்ஸ் 5060 போட்டால் கேமின் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் வாய்ப்பு இருக்கிறது. காகிதத்தில்.

முதல் தடை மானிட்டர். 60 ஹெர்ட்ஸ் திரை நொடிக்கு 60 படங்களைத்தான் காட்டும். கார்டு 120 வரைந்தாலும் பாதி கண்ணுக்கு வராது. செட்டிங்ஸைக் கூட்டி அழகாக்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

இரண்டாவது ப்ராசஸர். இதைச் சோதிக்க ஒரு எளிய வழி: நீங்கள் விளையாடும் கேமில் ரெசல்யூஷனை 1080பி-யிலிருந்து 720பி-க்குக் குறையுங்கள். ஃபிரேம் நன்றாக ஏறினால் திணறுவது கார்டு. ஏறவே இல்லை என்றால் திணறுவது ப்ராசஸர்; 50 ஆயிரம் ரூபாய் கார்டு போட்டாலும் அதே எண்தான் வரும். அந்த நிலையில் அதே பி450 போர்டில், பயாஸை அப்டேட் செய்து ரைசன் 5 5600 போன்ற ப்ராசஸரைப் பொருத்துவது மலிவான வழி. முழு பிளாட்ஃபார்மையும் மாற்றினால் டிடிஆர்5 ரேம் வாங்க வேண்டும், இன்றைய ரேம் விலையில் அது வேண்டாத வேலை.

மூன்றாவதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. 5060, 5060 டிஐ கார்டுகள் மதர்போர்டோடு பேசுவதற்கு 16 பாதைகளுக்குப் பதில் 8 பாதைகளைத்தான் பயன்படுத்துகின்றன. புதிய போர்டில் பிரச்சினை இல்லை. பி450 போன்ற பழைய பிசிஐஇ 3.0 போர்டில் அந்த 8 பாதையும் மெதுவானவை. 8 ஜிபி மெமரி நிரம்பி ரேமிலிருந்து தரவை இழுக்கும்போது இந்தக் குறுகிய சந்து வலிக்கும். 9060 எக்ஸ்டி 16 பாதைகளும் கொண்டது, மெமரியும் 16 ஜிபி. பழைய போர்டுக்கு அது பொருத்தம். இன்டெல் பி580 விலையில் கவர்ந்தாலும், அதுவும் 8 பாதைதான். போதாததற்கு, பழைய ப்ராசஸரோடு சேர்ந்தால் அதன் வேகம் சரிகிறது என்பது 2025 ஜனவரியிலேயே சோதனைகளில் தெரிந்துவிட்டது. மலிவான கார்டு, அதற்கு விலை உயர்ந்த ப்ராசஸர் வேண்டும் என்பது ஒரு வேடிக்கைதான்.

அடுத்தது கரண்ட். 1660 சூப்பர் 125 வாட் இழுக்கும், 5060 145 வாட். பெரிய வித்தியாசமில்லை, ஆனாலும் 5060-க்கு என்விடியா சொல்வது 550 வாட் எஸ்எம்பிஎஸ். 5070 என்றால் கார்டு மட்டும் 250 வாட், 650 வாட் எஸ்எம்பிஎஸ் வேண்டும். கரண்ட் பில் பயமுறுத்தாது: 100 வாட் கூடுதலாகத் தினமும் 3 மணி நேரம் ஓடினால் மாதம் 9 யூனிட், யூனிட்டுக்கு 8 ரூபாய் என்றாலும் 72 ரூபாய். உண்மையான தலைவலி யூபிஎஸ். வீடுகளில் சாதாரணமாக இருக்கும் 600 விஏ யூபிஎஸ் தாங்குவது சுமார் 360 வாட். 5070, ப்ராசஸர், மானிட்டர் எல்லாம் சேர்ந்து முழு வேகத்தில் 390 வாட்டைத் தொடும். கரண்ட் போகும் அந்த நொடியில் யூபிஎஸ் காப்பாற்றாது, சிஸ்டத்தோடு சேர்ந்து அணைந்துவிடும். மின்தடை உள்ள ஊரில் இருப்பவர் புது யூபிஎஸ் விலையையும் கார்டு விலையில் சேர்த்துக்கொள்வது நல்லது. டெல்லி, நாக்பூர் வெயிலில் ஏசி இல்லாத அறையில் 300 வாட் கார்டு ஓட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அது ஒரு சின்ன ஹீட்டர்.

லேப்டாப்பில் விளையாடுபவர்களுக்கு ஒரு வரி: கிராபிக்ஸ் சிப் போர்டிலேயே ஒட்டப்பட்டிருக்கும், மாற்ற முடியாது.

விளம்பர எண்ணும் விளையாடும் எண்ணும்

5070-ஐ அறிமுகப்படுத்தியபோது, 1,599 டாலர் விலையில் வந்த 4090-க்கு நிகரான வேகம் 549 டாலருக்கு என்று என்விடியா தலைமை நிர்வாகி ஜென்சன் ஹுவாங் மேடையில் சொன்னார். அந்த ஒப்பீடு மல்ட்டி ஃபிரேம் ஜெனரேஷனைச் சேர்த்துச் சொன்னது. கார்டு உண்மையாக வரையும் ஒவ்வொரு படத்துக்கும் இடையே ஏஐ மூன்று படங்களை ஊகித்து நுழைக்கும். 30 படம் 120 ஆகிவிடும். பார்க்க வழவழப்பாக இருக்கும். ஆனால் நீங்கள் மவுஸை அசைத்ததற்குக் கேம் பதில் சொல்வது அந்த உண்மையான 30 படங்களில்தான், அதாவது 33 மில்லி செகண்டுக்கு ஒருமுறை. கதை கேமுக்குப் பரவாயில்லை, எதிரியை முந்திச் சுட வேண்டிய கேமுக்கு உதவாது. அந்த வசதியை அணைத்துவிட்டுச் சோதித்தவர்கள் எல்லோரும் 4090 வெகுதூரம் முன்னால் இருப்பதைத்தான் பார்த்தார்கள்.

சரி, காசுக்கு என்ன வழி?

35,000 ரூபாய் கார்டு, மூன்று வருஷம் கழித்து 12,000-க்கு விற்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். வாரம் 10 மணி நேரம் விளையாடுபவருக்கு மணிக்கு 15 ரூபாய்க்கும் குறைவு. வாரம் 2 மணி நேரம்தான் நேரம் கிடைக்கிறது என்றால் மணிக்கு 74 ரூபாய். கார்டு ஒன்றுதான், யார் வாங்குகிறார் என்பதைப் பொறுத்து மலிவாகவோ ஆடம்பரமாகவோ ஆகிறது. வேலைக்குப் போன பிறகு எவ்வளவு நேரம் உண்மையில் விளையாடுகிறீர்கள் என்பதை ஸ்டீமில் உங்கள் கணக்கே மணி நேரத்தோடு காட்டும். கொஞ்சம் சங்கடமாக இருக்கும், ஆனால் பாருங்கள்.

நோ காஸ்ட் இஎம்ஐ-யில் வட்டியைத் தள்ளுபடியாகத் திருப்பித் தந்தாலும், அந்த வட்டிமீதான 18 சதவீத ஜிஎஸ்டியை நீங்கள்தான் கட்டுகிறீர்கள். 36,000 ரூபாய், ஆறு மாதம், 15 சதவீத ஆண்டு வட்டி என்றால் வட்டி சுமார் 1,600, அதன்மேல் ஜிஎஸ்டி 285 ரூபாய் போல. பிராசஸிங் கட்டணம் தனி. பெரிய தொகை இல்லை. நோ காஸ்ட் என்ற பெயர்தான் சரியில்லை.

செகண்ட் ஹேண்ட் பக்கம் போகலாமா? டெல்லி நேரு பிளேஸ், பெங்களூரு எஸ்பி ரோடு, மும்பை லேமிங்டன் ரோடு, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எங்கும் பழைய கார்டு கிடைக்கும். போகலாம், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு. ஆர்எக்ஸ் 580 என்ற பெயரில் விற்பவற்றில் 2048எஸ்பி என்ற வகை உண்டு. உண்மையான 580-ல் 2,304 ப்ராசஸர் துண்டுகள் இருக்கும், இதில் 2,048; சக்தியில் அது ஒரு 570. பயாஸை மாற்றி எழுதி, பழைய கார்டைப் புதிய பெயரில் காட்டும் போலிகளும் சுற்றுகின்றன. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டினால் இரண்டுமே பிடிபடும்.

விற்பவர் முன்னாலேயே அரை மணி நேரம் கனமான கேம் ஒன்றை ஓட்டிப் பாருங்கள். படம் சிதறுகிறதா, சிஸ்டம் அணைகிறதா, மின்விசிறி கத்துகிறதா என்று கவனியுங்கள். பில்லில் இருக்கும் சீரியல் எண்ணும் கார்டின் பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள்; வாரண்டி மிச்சமிருக்கிறதா என்பதை அந்த எண்ணை வைத்து நிறுவனத்தின் இணையதளத்திலோ சர்வீஸ் சென்டரிலோ கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு பணம் கொடுங்கள். ஸ்டிக்கர் கிழிந்திருக்கிறது, பில் தொலைந்துவிட்டது என்று விற்பவர் சொன்னால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்தக் கார்டைத் தொட வேண்டாம்.